அந்தப் பக்கத்து மீன்

மீன் செத்துக் கிடந்த காலையில் தொட்டித் தண்ணீரில் எந்தக் குறையும் இல்லை. குமிழி விடும் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மீன் மட்டும் கூழாங்கற்களின் மேல் பக்கவாட்டில் சாய்ந்து, ஏதோ யோசித்துக்கொண்டே தூங்கிப்போனது மாதிரி கிடந்தது. நான் பல் துலக்குவதை விட்டுவிட்டு அப்பாவுக்குப் போன் போட்டேன்.

ஏன் அப்பாவுக்கு என்று சொல்ல வேண்டும். என்னுடையது இணைமீன். ஒரே ஈட்டில் பொரித்த இரண்டு தங்கமீன்களின் தலைக்குள் கடுகளவு சில்லு ஒன்றைப் பொருத்துவார்கள். அதன்பின் ஒன்றின் உடம்பில் நடப்பது மற்றதற்கும் தெரியும். நடுவில் எத்தனை ஊர் இருந்தாலும் சரி, ஒன்று மேலே ஏறினால் மற்றதும் ஏறும். ஒன்று கண்ணாடிப் பக்கம் வந்தால் மற்றதும் வரும். பிரிந்து வாழும் குடும்பங்களுக்கென்றே விற்கிறார்கள். ஓசூரில் எங்கள் தொழிற்சாலைப் பெண்கள் தங்கும் விடுதியில் சன்னலுக்குச் சன்னல் ஒரு தொட்டி உண்டு. காலையில் மீன் சுறுசுறுப்பானால், "எங்கம்மா எந்திரிச்சாச்சு" என்று சொல்லிக்கொண்டே பல் துலக்கப் போவார்கள்.

என் மீனுக்கு இணை கோவில்பட்டியில் அப்பாவிடம் இருந்தது. இது செத்துவிட்டது என்றால் அதுவும் செத்திருக்கும். அது செத்திருந்தால் அங்கே என்ன நடந்திருக்கும்? அந்த வரிசையில்தான் என் புத்தி ஓடியது.

"ம்" என்றார் அப்பா. பின்னால் தண்ணீர் பாயும் இரைச்சல். நகராட்சியில் தெருக்களுக்குக் குடிநீர் வால்வு திறந்துவிடும் வேலை அவருக்கு. விடியும் முன்பே கையில் நீளக் கம்பியோடு கிளம்பிவிடுவார்.

"என்ன, இந்நேரத்துல?"

"சும்மாதாம்ப்பா. மீன் எப்படி இருக்கு?"

மீனைப் பற்றி நாங்கள் போனில் பேசியதே இல்லை.

"நல்லாத்தான் இருக்கு. ஏன்?"

"சும்மா."

"சரி. வைக்கட்டா."

வைத்துவிட்டார். எங்கள் போன் பேச்சு எல்லாமே இவ்வளவுதான் இருக்கும்.

அப்பா இருக்கிறார், அவருடைய மீனும் இருக்கிறது. அப்படியானால் என்னுடையது ஏன் செத்தது? நான் என்ன தப்பு செய்தேன்?

அம்மா போன பிறகு நானும் அப்பாவும் ஒரு வீட்டுக்குள் இரண்டு வாடகைக்காரர்கள் மாதிரி இருந்தோம். நகராட்சியில் யார் யாரையோ பார்த்து எனக்கு ஒரு தற்காலிக வேலைக்குச் சொல்லி வைத்திருந்தார். நான் ஓசூருக்குப் போகிறேன் என்றேன். போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. பேருந்து நிலையத்துக்கு வரவில்லை. பல மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, முன்னறிவிப்பே இல்லாமல், மொட்டைமாடியில் நான் வாடகைக்கு இருக்கும் ஒற்றை அறையின் வாசலில் வந்து நின்றார். கையில் மூடிபோட்ட பிளாஸ்டிக் வாளி. அதற்குள் கட்டைவிரல் அளவு மீன்.

"இதோட சோடி வீட்ல இருக்கு" என்றார். ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார். மதியப் பேருந்தில் திரும்பிவிட்டார்.

அதற்குப் பிறகு ஒரு பழக்கம் தானாக உண்டானது. மாலை வகுப்பு முடிந்து அறைக்கு வந்ததும் கண்ணாடியின் முன்மூலையில் விரலால் தட்டுவேன். மீன் மூலைக்கு வரும். கோவில்பட்டியிலும் அதன் இணை மூலைக்கு வந்திருக்கும். சற்று நேரத்தில், நான் தட்டாமலே, என் மீன் லேசாகச் சிலிர்க்கும். அங்கே அப்பா தட்டுகிறார் என்று அர்த்தம். அவ்வளவுதான். நான் வந்துவிட்டேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது, அவர் இருக்கிறார் என்று எனக்கும். பிறகு பன்னை டீயில் நனைத்துத் தின்றுவிட்டுப் படுத்துக்கொள்வேன். சில நாள் அசதியில் தட்டாமலே தூங்கியதும் உண்டு.

நான் படிப்பது தரக்கட்டுப்பாட்டு டிப்ளமோ. பகலில் பிரேக் குழாய்களின் இணைப்பு உருப்படிகளை அளந்து பார்க்கும் வேலை, மாலையில் அதே விஷயத்தைப் பாடமாகப் படிப்பது. எனவே மீன் விஷயத்திலும் எனக்குத் தெரிந்த முறைப்படி இறங்கினேன். தண்ணீரின் அமிலத்தன்மையைச் சோதித்தேன், சரியாக இருந்தது. கழிவின் அளவு, சூடு, காற்று எல்லாம் சரி. மின்சாரம் போய் மோட்டார் நின்றதா என்று பார்த்தேன். நிற்கவில்லை. மீனின் உடம்பில் புள்ளியோ புண்ணோ கிடையாது. நோட்டில் எழுதியதை மூன்று முறை திருத்தி எழுதினேன். திருத்தத் திருத்த என் சோதனையில்தான் ஏதோ பிசகு இருக்கிறது என்று தோன்றியது.

மிச்சமிருந்தது கொசு மருந்து. கீழ்வீட்டில் வீட்டுக்காரம்மா முனிரத்தினம்மாவிடம் போய், மாடிப்படியில் மருந்து அடித்தீர்களா என்று, குற்றம் சாட்டுவது போல இல்லாமல் கேட்கப் பார்த்தேன்.

"அடிச்சது போன மாசம்" என்றார். "உன் மீனு ஒரு மாசமா மூச்ச அடக்கிக்கினு இருந்துச்சா?"

இணைமீன் நிறுவனத்தின் சேவை மையத்துக்கு மீனைக் கொண்டுபோக ஞாயிறு ஆகும், அதுவரை உங்கள் ஃப்ரீசரில் வைக்கலாமா என்று கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு ஒரு பழைய டிபன் டப்பாவைத் தேடி எடுத்துக் கொடுத்தார்.

"மேல பேரு எழுதி ஒட்டிடு. எங்க வீட்டுக்காரரு தெரியாம எடுத்து வறுத்துடப் போறாரு."

நான் எழுதிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் நின்று பார்த்தார். "நீ அடுப்பு பத்தவெச்சே நான் பாக்கல. பன்னும் டீயுமா ஓட்டற. அந்த மீனாவது நல்லா தின்னுச்சா?"

"தின்னுச்சும்மா" என்றேன். பொய் சொல்கிறேன் என்று அப்போது எனக்குத் தெரியாது.

அன்று மாலை வகுப்பில் லோகநாதன் சார், எல்லோரும் ஒரு பழுதைச் சொல்லி அதற்கு ஏன், ஏன் என்று கேட்டுக்கொண்டே போக வேண்டும் என்றார். என் முறை வந்தபோது வேறு எதுவும் தோன்றாமல் மீனைச் சொல்லிவிட்டேன். பின்வரிசையில் சிரித்தார்கள். மீன் குழம்பில் உப்புக் கூடிவிட்டதா என்று ஒருவன் கேட்டான். சார் சிரிக்கவில்லை.

"எல்லா அளவும் சரி. ஆனா உருப்படி பழுது. அப்படின்னா நீங்க அளக்காத ஒண்ணு இருக்கு" என்றார். "அதைத் தேடுங்க. ஒண்ணு ஞாபகம் வெச்சுக்குங்க, தேட வேண்டியது காரணத்தை. ஆளை இல்ல."

அந்த வாரம் அறைக்குத் திரும்பும் ஒவ்வொரு மாலையும் கை தானாகக் கண்ணாடிக்குப் போனது. வெறும் தண்ணீரைத் தட்ட மனம் வராமல் திரும்பியது. அப்பாவுக்கு இன்னும் சொல்லவில்லை. காரணம் தெரிந்தபின் சொல்லலாம் என்று வைத்திருந்தேன். அதிகம் பேசாத அவர் எனக்கென்று கொடுத்த ஒரே பொருள் அது. ஏன் செத்தது என்று கேட்டால், தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வராது.

சேவை மையம் பேருந்து நிலையத்தின் எதிரே, ஒரு கட்டடத்தின் மாடியில் இருந்தது. எபினேசர் என்ற இளைஞர் டப்பாவைத் திறந்து பார்த்து, மீனைத் தட்டில் வைத்து, மெல்லிய பிளேடால் வயிற்றைக் கீறினார். நான் சுவரில் இருந்த விளம்பரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு தாத்தாவும் பேரனும் இரண்டு ஊர்களில் ஒரே மீனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"சாப்பாடு போட்டீங்களாங்க?" என்றார்.

"தினமும்."

"தின்னுச்சா?"

அப்போதுதான் யோசித்தேன். போட்ட தீனி மிதக்கும். மீன் ஒன்றிரண்டைக் கொறித்துவிட்டு விலகிவிடும். மிச்சம் அழுகித் தண்ணீர் கெடக்கூடாது என்று நான் வலையால் அள்ளிவிடுவேன். அளவு அதிகமாகிவிட்டது என்று நினைத்து அடுத்த முறை குறைத்துப் போடுவேன். பிறகு இன்னும் குறைத்தேன். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். அதில் எனக்குப் பெருமையும் இருந்தது.

"பாருங்க" என்றார் எபினேசர். குடல் தையல் நூல் போல இருந்தது. "நோய் இல்ல. பட்டினி."

"பசிச்சா தின்னிருக்குமே?"

"பசிச்சாத்தானே?" அவர் கையுறையைக் கழற்றினார். "உடம்புல நடக்கறது எல்லாமே அடுத்த மீனுக்குப் போகுதுங்க. நீச்சல் மட்டும் இல்ல. அந்தப் பக்கம் வயிறு நிறைஞ்சா இந்தப் பக்கமும் நிறைஞ்ச மாதிரி இருக்கும். இது காலி வயித்தோட, நல்லா சாப்பிட்ட நெனப்புல சுத்திக்கிட்டு இருந்திருக்கு. அந்தப் பக்கம் யாரு?"

"எங்க அப்பா."

"தனியா இருக்காரா?"

"ஆமா."

அவர் தலையசைத்தார். எதிர்பார்த்த பதில் என்பது போல இருந்தது. இப்படி வருகிற மீன்களை நிறையப் பார்த்துவிட்டேன் என்றார். செத்து வருவது எப்போதும் பிள்ளைகளிடம் இருக்கும் மீன்தான். பெற்றவர்கள் பக்கத்து மீன் இப்படிச் செத்து அவர் பார்த்ததில்லை. இரண்டு வீட்டிலும் ஒரே அளவு போட வேண்டும் என்று மீனோடு வரும் பெட்டிக்குள் ஒரு தாள் இருக்கிறது, அதை யார் படிக்கிறார்கள்? நிறுவனத்துக்கு எழுதினீர்களா என்று கேட்டேன். எழுதியதாகவும், 'பராமரிப்புக் குறைவு' என்று போட்டு முடிக்கச் சொல்லிவிட்டதாகவும் சொன்னார். ஒரு மீன் செத்தால் பெற்றவர்கள் மறுவாரமே புதுச்சோடி வாங்கிவிடுகிறார்களாம்.

"அப்பாவுக்குச் சொல்லிட்டீங்களா?"

"இல்ல."

"அவசரமில்ல. அவருக்குத் தெரியாது. ஒண்ணு செத்தா மத்தது சட்டுனு மிரண்டுடும், வீட்ல பெரியவங்க பயந்துடுவாங்க. அதனால செத்த மீன் கடைசி வாரம் செஞ்சதையே அடுத்த மீனுக்கு மறுபடி மறுபடி அனுப்பிக்கிட்டே இருப்போம். நீங்க நிறுத்தச் சொல்ற வரைக்கும்."

"அப்படீன்னா அங்க இப்பவும்..."

"இப்பவும் நீங்க தினமும் தட்டிக்கிட்டுதான் இருக்கீங்க" என்றார் எபினேசர்.

அப்பாவின் மீன் உயிரோடிருப்பதால் அதற்கு இணையாக இன்னொரு மீனைப் பொருத்தித் தரலாம், அப்பாவுக்கு எதுவும் தெரிய வேண்டாம் என்றார். ஒரு கணம் சரி என்று சொல்லப்போனேன். ஆனால் அந்த மீனும் இப்படியே போகும். போகாமல் இருக்க வேண்டுமானால் அப்பாவிடம் தீனியைக் குறைக்கச் சொல்ல வேண்டும். ஏன் என்று கேட்பார். காரணத்தைத் தேடு, ஆளைத் தேடாதே என்று சார் சொன்னது எனக்குத் தெரியும். என் மீன் விஷயத்தில் காரணமும் ஆளும் ஒரே வீட்டில் அல்லவா இருந்தன.

யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். அடுத்த வார இறுதியில் பேருந்து ஏறினேன்.

கோவில்பட்டியில் எங்கள் தெருமுனையில் குடங்களோடு நின்றிருந்த ஒரு பெண் என்னை அடையாளம் கண்டுகொண்டார். "வால்வுக்காரர் மகதான நீ? எங்க லைனுக்கு மட்டும் ஒங்க அப்பாவுக்குக் கை வலிச்சிரும் போல. நல்லாத் திறக்கச் சொல்லு." நான் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

அப்பா கதவைத் திறந்து, என்னைப் பார்த்து, எனக்குப் பின்னால் வேறு யாராவது வருகிறார்களா என்று பார்த்தார்.

"லீவா?"

"ஆமாப்பா."

கூடத்தில் டிவி இருந்த இடத்தில் தொட்டி இருந்தது. டிவியைக் கழற்றி எங்கோ வைத்துவிட்டார். அதன் முன்னால் ஒரு நாற்காலி. மீனைப் பார்த்தேன். ஒரே ஈட்டில் பிறந்தது என்று யாரும் நம்பமாட்டார்கள். என் உள்ளங்கையைவிடப் பெரிதாக, ஊதின பை மாதிரி, திரும்புவதற்கே இடமும் நேரமும் எடுத்துக்கொண்டு மிதந்தது.

மதியம் அவர் சோறு வடித்தார். எனக்கும் தட்டு வைத்தார். சாப்பிட உட்காரும் முன் தீனி டப்பாவை எடுத்து ஒரு சிட்டிகை போட்டார். மீன் ஆவேசமாக மேலே வந்து விழுங்கியது. டப்பாவை மூடப்போகிறார் என்று நினைத்தேன். இன்னொரு சிட்டிகை எடுத்தார்.

"இது எதுக்குப்பா?"

"இது ஒன்னோடதுக்கு."

எனக்குப் புரியவில்லை என்று நினைத்து விளக்கினார். அவ்வளவு நீளமாக அவர் பேசி நான் கேட்டு நாளாகியிருந்தது.

"விக்கும்போதே அந்தப் பையன் சொன்னான். இங்க போட்டா அங்கயும் பசி ஆறும்னு. நீ சாயங்காலம் கிளாசுக்கு வேற போற. நேரமே இல்லப்பான்னு ஒருநா போன்ல சொன்னல்ல. அசந்து வந்து படுத்துருவ. அதுக்கும் சேத்து நானே போட்டுட்டா ஒனக்கு ஒரு வேலை மிச்சம்."

நான் தட்டைப் பார்த்தேன்.

"மொதல்ல இம்புட்டுத்தான் போட்டேன்" என்று விரல் நுனியைக் காட்டினார். "ஆனா இது கேட்டுக்கிட்டே இருக்கு, கனி. இப்பத்தான் தின்னிருக்கும், திரும்பியும் வாயத் தொறந்துக்கிட்டு வந்து நிக்கும். போடப் போடத் திங்கும். எம்புட்டுப் போட்டாலும் பசி ஆறல. சரி, பசிக்குதுபோலன்னு போட்டுக்கிட்டே இருந்தேன்."

எபினேசர் சொன்னது பாதிதான் என்று அப்போது புரிந்தது. இங்கிருந்த நிறைவு என் மீனுக்குப் போனது என்றால், என் மீனின் பசி எங்கே போயிருக்கும்? என் மீன் பட்டினி கிடக்கக் கிடக்க, இந்தக் கொழுத்த மீன் வாயைத் திறந்துகொண்டு அப்பாவின் முன்னால் வந்து நின்றிருக்கிறது. அவர் போட்டிருக்கிறார். இன்னும் கேட்டிருக்கிறது. இன்னும் போட்டிருக்கிறார். ஓசூரில் ஓர் அறையில் இருந்த பசிக்கு இவர் இங்கே இருந்து ஓயாமல் சோறு போட்டிருக்கிறார். அதில் ஒரு பருக்கைகூட அங்கே வந்து சேரவில்லை. வந்து சேர்ந்த நிறைவால்தான் அது செத்தது.

சொல்ல வாயெடுத்தேன். சாப்பிட்டுக்கொண்டிருந்த மனிதரிடம் சொல்ல முடியவில்லை. சாயங்காலம் சொல்லலாம் என்று இருந்தேன். சாயங்காலம் அவர் இரண்டு தெருவுக்குத் தண்ணீர் திறந்துவிடப் போனார். வரட்டும் என்று இருந்தேன். இப்படித்தான் எப்போதும் நான் ஒவ்வொன்றையும் அடுத்த வேளைக்குத் தள்ளிவிடுவேன்.

அவர் திரும்பி வந்து கைகால் கழுவிக்கொண்டு தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்தபோது வெளியே இருட்டியிருந்தது. நான் சுவரோரம் தரையில் உட்கார்ந்தேன். ஓசூரில் நான் வகுப்பு முடிந்து மாடிப்படி ஏறும் நேரம் அது. எழுந்து விளக்கை அணைத்துவிடலாமா, அவரை வெளியே கூப்பிடலாமா என்று யோசிப்பதற்குள் அந்தப் பெரிய மீன் மெதுவாகத் திரும்பியது. முன்மூலைக்கு வந்தது. மூக்கால் கண்ணாடியை முட்டியது.

ஓசூரில் வகுப்பு முடிந்து நான் வந்துவிட்டேன் என்று அர்த்தம்.

அப்பா கையை நீட்டி, விரல் மடக்கி, கண்ணாடியில் தட்டினார். பிறகு கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். என் பக்கம் திரும்பவில்லை.

"கொஞ்ச நாளாவே இது நீ இல்ல" என்றார்.

நான் கால்களை மடக்கிக்கொண்டேன்.

"நீன்னா சில நாள் மறந்துருவ. சில நாள் நேரங்கழிச்சு வருவ. இது மறக்கவே மாட்டேங்குது." மீனைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "யார்ட்டயோ நீ குடுத்துட்டன்னு நெனச்சேன். சரி, ஒனக்கும் வேல இருக்கும். அதக் கேக்கவா செய்ய?"

"நான் இல்லன்னு தெரிஞ்சும் ஏம்ப்பா தட்டுனீங்க?"

"யாரோ தட்டுதாங்கல்ல" என்றார்.

மீன் மூலையிலேயே நின்று வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தது. நான் எழுந்து அவருக்குப் பக்கத்தில், நாற்காலியின் காலருகே வந்து உட்கார்ந்தேன். யாருக்கும் கொடுக்கவில்லை, செத்துவிட்டது என்றேன். எப்படி என்று கேட்டார். வழியில் பேருந்தில் நான் தயாரித்து வைத்திருந்த வாக்கியங்கள் நிறைய இருந்தன. ஒன்றும் உதவவில்லை.

"நீங்க போட்டதுல அதுக்குப் பசி தெரியாமப் போச்சு. நான் போட்டதை அது திங்கல. ஏன் திங்கலன்னு நான் கேக்காம அள்ளி வெளிய ஊத்திட்டேன். ரெண்டும் சேந்துதாம்ப்பா." பிறகு, அதோடு நிறுத்தியிருக்கலாம், ஆனால் நிறுத்த முடியாமல், "இது கேட்டுக்கிட்டே இருந்துச்சுன்னு சொன்னீங்கல்ல, அது இதோட பசி இல்ல. அதோடது. உங்களுக்கு வந்து சேந்துருக்கு."

அவர் தீனி டப்பாவை எடுத்தார். திறந்து பார்த்தார். மூடினார். நாற்காலிக்குக் கீழே, கைக்கு எட்டாத தூரத்துக்குத் தள்ளி வைத்தார்.

"என்ட்டதான் கேட்டிருக்கு" என்றார். அதை என்னிடம் சொல்லவில்லை, தனக்கே சொல்லிக்கொண்டார்.

ஊருக்குக் கிளம்பும்போது பேருந்து நிலையம்வரை வந்தார். பேருந்து நகரும்வரை நின்றார். கையசைக்கவில்லை, அசைப்பவர் இல்லை.

ஓசூருக்கு வந்ததும் எபினேசருக்குப் போன் செய்து அனுப்புவதை நிறுத்தச் சொன்னேன். புது மீன் வேண்டாமா என்று கேட்டார். இப்போது வேண்டாம் என்றேன். சரியான முடிவா என்று தெரியவில்லை. தொட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். முனிரத்தினம்மா டிபன் டப்பாவை மட்டும் திரும்ப வாங்க மறுத்துவிட்டார். அதில் இனிமேல் எதை வைத்துத் தின்பது என்று கேட்டார்.

வகுப்பில் என் முறை மறுபடி வந்தபோது லோகநாதன் சார் மீன் என்ன ஆயிற்று என்று கேட்டார். அளக்காதது கிடைத்துவிட்டது சார் என்று மட்டும் சொன்னேன். மேலே கேட்கவில்லை, நல்லவேளை.

சில நாள் கழித்து, மாலை வகுப்பு முடிந்து நான் அறையைத் திறக்கும்போது போன் அடித்தது. அப்பா. அவராகக் கூப்பிட்டதே இல்லை. மறுபடியும் அந்தப் பழைய வரிசையில் என் புத்தி ஓட ஆரம்பித்தது.

"என்னப்பா?"

"மீன் திங்க மாட்டேங்குது" என்றார். "இம்புட்டுத்தான் போடுதேன். அதுலயும் பாதிய விட்டுருது. மூலைக்கும் வரல. அதுக்கும் ஏதாச்சும் ஆயிருமா?"

"ஒண்ணும் ஆகாதுப்பா. இப்ப அதுக்கு அதோட பசி மட்டுந்தான் இருக்கு. போதும்னா விட்டுரும்."

"அப்படியா."

வைக்கட்டா என்பார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. அவர் பக்கம் தொட்டியின் குமிழிச் சத்தம் கேட்டது.

"அப்ப அந்த மத்தப் பசி?" என்றார் அப்பா. "அது எங்க போவும்?"

கையில் பன் பொட்டலம் இருந்தது. அதை அலமாரியில் வைத்தேன். போனை ஸ்பீக்கரில் போட்டு சன்னல் விளிம்பில் சாய்த்தேன். வந்த நாளிலிருந்து பெட்டிக்கடியில் கிடந்த சிறிய குக்கரை எடுத்துக் கழுவி, கூடவே கிடந்த அரிசியைக் களைந்து போட்டு, அடுப்பைப் பற்றவைத்தேன். தண்ணீர் கொதிக்கும் சத்தமும் குமிழிச் சத்தமும் கலந்து கேட்டுக்கொண்டிருந்தன. முதல் விசில் வந்தது. கொஞ்சம் பொறுத்து இரண்டாவது வந்தது. அவர் இருக்கிறாரா, வைத்துவிட்டாரா என்று போனை ஒருமுறை பார்த்தேன்.

மூன்றாவது விசில் அடங்குவதற்கு முன்பே குரல் வந்தது.

"போதும். அடுப்ப அணை."